குச்சியின் சுற்றளவு

ஜனவரி 12

என் அன்பு அக்காவுக்கு,

இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் கடை மாடிப்படி அவரை ரொம்பப் படுத்தாமல் இருக்கட்டும். போனில் பேசலாம் என்று பார்த்தால், நீ தையல் மெஷினை மிதித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டுகிறாய். அதனால் நம் பழைய வழக்கப்படி காகிதம்தான்.

என் வேலையில் ஒரு மாற்றம். பதினெட்டு வருஷமாக எங்கள் மருத்துவ வேனோடு தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், ஆட்களை எடை மெஷினில் ஏற்றி, எண்ணை எழுதி, இறக்கி விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது புது டாக்டரம்மா வந்திருக்கிறார். வந்த அன்றே எங்கள் கையில் ஆளுக்கொரு டேப்பைக் கொடுத்தார். "எடை மெஷின் மூட்டை எவ்வளவு கனம்னு சொல்லும். உள்ள என்ன இருக்கு, எங்க அடைஞ்சிருக்குன்னு சொல்லாது. அதுக்கு டேப்தான் வேணும்" என்றார்.

போன வாரம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குபவர்களை அளந்தோம். "உங்க இடுப்பு எவ்வளவு?" என்று ஒருவரைக் கேட்டேன். "முப்பத்திநாலு சார். கல்யாணத்துல இருந்தே அதே முப்பத்திநாலுதான்" என்றார் பெருமையாக. டேப் வைத்தால் நாற்பத்தொன்று! பேன்ட் வயிற்றுக்குக் கீழே இறங்கிப்போயிருக்கிறது. எண் மட்டும் மாறவில்லை.

உன் நினைவுதான் வந்தது அக்கா. தப்பாக நினைக்காதே. நீ கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாய். உட்கார்ந்தே செய்கிற தொழில் வேறு. இடுப்பு அளவை எடுத்து அனுப்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப் வர வேண்டும். துணி மேல் வைக்காதே. மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு எடு. டேப் தரைக்குச் சமமாக இருக்கட்டும், இறுக்காதே. உன் உயரத்தில் பாதிக்குள் அந்த எண் இருந்தால் நல்லது. கழுத்தையும் அளந்துகொள், அங்கேயும் கொழுப்பு அடையுமாம்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பிரியமுள்ள,
குச்சி


ஜனவரி 27

டேய் குச்சி,

மாமாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது, அவர் வாயும் அப்படியே இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அங்கே சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்துவிட்டாயா? இருபத்தாறு வருஷமாக இந்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறவளுக்கு, டேப்பை எப்படிப் பிடிப்பது என்று பாடம்! கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கீழே மருந்துக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

‘இடுப்பு அளவு’ என்கிறாய். எந்த இடுப்பு? பேன்ட் நிற்கிற இடமா, தொப்புளுக்கு நேரேயா, அல்லது பின்பக்கத்தையும் சேர்த்துச் சுற்றுகிற அகலமா? அதை நாங்கள் சீட் என்போம். வாடிக்கையாளர்கள் மூன்றையும் இடுப்பு என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஒரு சொல்லால் நான் பிரித்துத் தைத்த பேன்ட்களை அடுக்கினால் என் மேஜையைவிட உயரமாக இருக்கும்.

இன்னொன்று சொல்லித் தருகிறேன், உன் டாக்டரம்மாவுக்கும் சொல். டேப்பைக் கண்டதும் ஆண்கள் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே பிடித்துக்கொள்வார்கள். ‘விடுங்க’ என்றால் விட மாட்டார்கள். நான் டேப்பைச் சுற்றியபடி, "பொண்ணு எந்த கிளாஸ் படிக்குது?" என்று கேட்பேன். பதில் சொல்ல வேண்டுமானால் மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும்? அப்போது எண்ணைப் பார்த்துக்கொள்வேன்.

சரி, நீ கேட்ட கணக்கு. முதலில் என் டேப்பை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம் நீண்டு தொங்கிவிட்டது பழைய டேப். நீண்ட டேப் பொய் சொல்லும். ஆளை ஒல்லியாகக் காட்டும். புது டேப் எடுத்தேன். உன் மாமாதான் அளந்தார். "ஒரு டேப் போதுமா, இன்னொண்ணு முடிச்சுப் போடணுமா?" என்றார். கத்தரிக்கோல் கையில் இருந்ததால் பிழைத்தார். வெறுங்கையாக இருந்திருந்தால் ஒன்று வைத்திருப்பேன்.

உயரம் அறுபத்துமூன்று அங்குலம். நீ சொன்ன இடத்தில் வயிறு முப்பத்தொன்று. சீட் நாற்பத்துமூன்று. கழுத்து பதின்மூன்று. எடை எழுபத்திரண்டு கிலோ. போதுமா?

எல்லோரையும் அளக்கிறாயே, உன் அளவு எங்கே? கடிதத்தை இரண்டு தடவை தேடிப் பார்த்தேன், காணோம்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 15

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலமே. மாமாவின் வாய் குறையாமல் இருக்கிறது என்று தெரிந்து நிம்மதி.

உன் எண்களை டாக்டரம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"யாரு இவங்க?"

"எங்க அக்கா. டெய்லர். சின்ன வயசுல வீட்ல பீப்பாய்னு கூப்பிடுவோம்."

"பீப்பாயா? பீப்பாய்க்கு நடுவுலதானே அகலம்? இவங்களுக்கு நடுவுல சிறுத்துக் கீழதான் அகலம். பேரைத் தப்பா வெச்சிருக்கீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். தொடையிலும் பின்பக்கத்திலும் தோலுக்கு அடியில் சேர்கிற கொழுப்பு பெரும்பாலும் சாதுவாகக் குடியிருக்குமாம். வயிற்றுக்குள்ளே போய், ஈரலையும் குடலையும் சுற்றி அடைகிறதே, அதுதான் வம்பு பண்ணுமாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. உன் உயரத்தில் பாதி முப்பத்தொன்றரை. நீ அரை அங்குலம் உள்ளேதான் இருக்கிறாய். ஆனாலும், "டேப் ஒரு துப்புதான் கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது. ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லுங்க" என்றார். போய்ப் பார்.

உன் ‘பொண்ணு எந்த கிளாஸ்’ தந்திரம் வேனில் பிரபலமாகிவிட்டது. டாக்டரம்மாவே செய்கிறார்.

என் அளவைக் கேட்டிருந்தாய். எனக்கென்ன, நான் குச்சி. எடை அறுபத்தெட்டு. நம் வீட்டில் காற்றடித்தால் என்னைத்தானே பிடித்துக்கொள்வார்கள்? இப்போதெல்லாம் மதியம் சாப்பிட்டதும் வேனிலேயே தூங்கிப் போகிறேன். வயது நாற்பத்தாறு ஆகிறது, வேறென்ன. தண்ணீர் பாட்டில் இல்லாமல் நகர முடிவதில்லை; வேனுக்குள் அவ்வளவு புழுக்கம்.

ஒரு வேண்டுகோள். வேலைக்குப் போட இரண்டு சட்டை தைத்து அனுப்புகிறாயா? அளவு உன் நோட்டில் இருக்குமே. கொஞ்சம் தாராளமாகவே வை. புழுக்கத்துக்கு நல்லது.

உன்,
குச்சி


மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌகரியம். மாமாவுக்கு முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். அங்கே உன் பெண்டாட்டிக்கு நூலகத்தில் வேலை ரொம்பவா? அவளைக் கேட்டதாகச் சொல்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ஊசி போட்ட நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுகர் மாத்திரை என்ன போடுறீங்க?" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். நம்பவில்லை. மறுநாள் முடிவு வந்தது. வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு. கொழுப்பும் அழுத்தமும் எல்லைக்குள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், பாவம்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஏனோ அழுகை வந்தது. சிரிக்காதே. எத்தனை வருஷம்டா! பள்ளிக்கூடத்தில் பீப்பாய். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் மூன்று பேர், ‘பொண்ணு கொஞ்சம் தாட்டியா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன் மாமா ஒருவர்தான், ‘நாற்காலி உடையாம இருந்தா சரி’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கே போனாலும் யாராவது என் தட்டைப் பார்ப்பார்கள். உன் தட்டை யாரும் பார்த்ததில்லை. நீ இரண்டாம் முறை கேட்டால், ‘சாப்பிடட்டும், குச்சியா இருக்கான்’ என்பார்கள். இப்போது ஒரு டேப் வந்து, ‘உன்மேல் தப்பில்லை’ என்று சொல்கிறது. அதுதான் அழுகை.

சட்டைத் துணி எடுத்துவிட்டேன். ஆனால் பழைய அளவுக்கு நான் வெட்ட மாட்டேன். ஊகத்துக்கு வெட்டுகிறவள் டெய்லர் இல்லை. தோள், மார்பு, வயிறு, சீட், கழுத்து எல்லாம் புதிதாக எடுத்து அனுப்பு. உன் பெண்டாட்டியை விட்டு எடுக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 29

அக்கா,

நலம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ரத்த முடிவு கேட்டு மிகவும் சந்தோஷம். உன் தட்டைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

அளவு: தோள் பதினேழு, மார்பு முப்பத்தாறு, வயிறு முப்பத்திரண்டு, சீட் முப்பத்தாறு, கழுத்து பதினாலரை. நானே எடுத்தேன். அவளுக்கு நேரமில்லை.

மாமாவுக்கு என் அன்பு.

குச்சி


ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

இத்துடன் பார்சலில் இரண்டு சட்டை. நீ எழுதிய அளவுக்கு ஒரு நூல்கூடக் கூட்டாமல், குறைக்காமல் தைத்திருக்கிறேன். அளவு சரியென்றால் சட்டையும் சரியாக இருக்கும்.

போட்டுப் பார்த்துவிட்டு எழுது. இங்கே வெயில் ஏறுகிறது. மாமா படியில் ஏறும்போது முன்னைவிடக் குறைவாக முனகுகிறார்.

அன்புடன்,
அக்கா


மே 20

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதுவது. நீங்களும் அண்ணாவும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று எப்போதும் நினைப்பேன். இந்தக் கடிதத்தை நான் எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சட்டைகள் வந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த அன்று காலையே ஒன்றை எடுத்து மாட்டினார். மேலிருந்து மூன்று பட்டன் போட்டார். நாலாவது எட்டவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு போட்டார். மூச்சு விட்டதும் பட்டன் தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடியது. முதலில் இரண்டு பேரும் சிரித்தோம், அண்ணி. அப்புறம் அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் பட்டனைத் தேடி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னங்க, ஒரு சட்டைக்காகவா?" என்றேன்.

"சட்டை இல்ல" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து மூன்று துண்டுச் சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். டிசம்பரில் வேனுக்குச் சர்க்கரை பார்க்கிற புதுக் கருவி வந்தபோது, பழகுவதற்காக ஊழியர்கள் ஒருவருக்கொருவர் விரலில் குத்திப் பார்த்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் இவருக்கு நூற்றி நாற்பத்தெட்டு. கருவி சரியில்லை என்று சிரித்துச் சமாளித்துவிட்டு, பிறகு தனியாக இரண்டு முறை குத்திப் பார்த்திருக்கிறார். இரண்டிலும் கிட்டத்தட்ட அதே எண். ஐந்து மாதமாக அந்தச் சீட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டே ஊரையெல்லாம் அளந்திருக்கிறார்.

டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள் என்றால், "சொல்றேன், சொல்றேன்" என்கிறார். இன்றுவரை சொல்லவில்லை. மாமனார் இறந்துபோன வயதை எட்ட இன்னும் எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் கோபப்பட்டாலும் கேட்பதில்லை, கெஞ்சினாலும் கேட்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார் என்று ஒரு நம்பிக்கை.

அண்ணாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


மே 27

அன்புத் தம்பிக்கு,

நானும் மாமாவும் நலம். சட்டை வந்து சேர்ந்ததா என்றுகூட நீ எழுதவில்லை. பரவாயில்லை, நானே எழுதுகிறேன்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று என் அளவு நோட்டைப் புரட்டினேன். உன் கல்யாணத்துக்குக் கோட் தைத்தபோது எடுத்த அளவும் நீ இப்போது அனுப்பிய அளவும் ஒரு எண் விடாமல் ஒன்றாக இருந்தன. பதினாறு வருஷமாக அசையாமல் இருக்க நீ என்ன சிலையா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சட்டையில் மறைக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். ‘தாராளமாக வை’ என்று நீ எழுதினாயே, அந்த வரியிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. தாராளமான சட்டை கேட்கிறவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று டெய்லருக்குத் தெரியாதா?

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாமாவுக்குக்கூடத் தெரியாது.

நான் தையல் கற்றுக்கொண்டு முதன்முதலில் பேன்ட் தைத்தது அப்பாவுக்குத்தான். தொழிற்சாலை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் நேரத்தைக் குறிக்கிற வேலை. கை காலெல்லாம் உன்னைப் போலவே குச்சி. ஆறு மாதம் கழித்து அந்தப் பேன்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "துவைச்சதுல சுருங்கிடுச்சும்மா, இடுப்பைக் கொஞ்சம் பிரிச்சு விடு" என்றார். பிரித்து விட்டேன். அடுத்த வருஷம் மறுபடி. அதற்கடுத்த வருஷம் மறுபடி. போட்டுக் காட்டச் சொன்னபோது பார்த்தேன். இடுப்பில் பிடிக்கிறது, தொடையில் தொளதொளக்கிறது. ஒரே துணி மேலே சுருங்கிக் கீழே விரியுமா? துணி சுருங்கவில்லை, தம்பி. கால் மெலிந்து வயிறு பெருத்துக்கொண்டிருந்தது. என் கைக்கு அது தெரிந்தது. ஆனால் வாடிக்கையாளர் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்பாவையும் வாடிக்கையாளராகவே நினைத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு தையலைப் பிரித்தேன்.

அவர் அந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்ட அன்று, வந்தவர்கள் எல்லாம், "ஒல்லியான மனுஷனுக்கு எப்படிம்மா?" என்று கேட்டார்கள். எனக்கு மட்டும் பதில் பாதி தெரியும். அன்றைக்கு அதற்குப் பெயர் தெரியாது, அளவு தெரியும்.

அப்பாவிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். உன் வயிறு பெருத்திருக்கிறது. எவ்வளவு என்று தெரியவில்லை. அதை எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும்.

அக்கா


ஜூன் 18

என் அன்பு அக்காவுக்கு,

உயரம் அறுபத்தேழு. வயிறு முப்பத்தெட்டு. சீட் முப்பத்தாறு. கழுத்து பதினைந்தரை. வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றி ஐம்பத்திரண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழு புள்ளி எட்டு சதவீதம்; ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோயாம்.

எண் மட்டும் போதும் என்றாய். எனக்குப் போதவில்லை, அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வேனில் படித்தேன். அப்பாவின் பேன்ட் எனக்கும் நினைவிருக்கிறது. பெல்ட்டில் அவர் ஆணியால் குத்திக்கொண்ட ஓட்டைகள். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே இறங்கி, மூட்டை தூக்குபவர்களின் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர்.

என் முறை வந்ததும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன, டேப் தொலைஞ்சு போச்சா?"

"இல்ல டாக்டர். என்னை அளக்கணும்."

அவர் டேப்பை எடுத்தார். சட்டையைத் தூக்கச் சொன்னார். நானும் எல்லோரையும் போல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன், அக்கா. பதினெட்டு வருஷம் இதே வேலை பார்த்தும்! "உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்றார். "நல்லா இருக்..." என்று ஆரம்பித்தேன். டேப்பைப் பார்த்துவிட்டார்.

பின்னால் நின்ற ஒருவர், அதுதான் அந்த முப்பத்திநாலுக்காரர், "சார், என்னை நீங்க அன்னிக்கு அந்தப் பார்வை பார்த்தீங்களே" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். டிசம்பரிலிருந்து அப்படிச் சிரிக்கவில்லை.

சீட்டைவிட வயிறு பெரிதாக இருக்கிறது. உயரத்தில் பாதியைத் தாண்டி நாலரை அங்குலம். டாக்டரம்மா சொன்னார்: "உங்க எடை சரியா இருக்கு. அதனாலதான் இத்தனை வருஷமா யாரும் உங்களை ஒண்ணும் கேக்கல. குண்டா இருக்கிறவங்களை ஊரே விசாரிக்கும். உங்களை மாதிரி ஆளுங்க நடுவுல தப்பிச்சுப் போயிடுறீங்க." பயமாக இருக்கிறது என்றேன். "பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாத்திரை ஒரு பக்கம் போடுங்க. தினமும் நடங்க. கால் மெலிஞ்சிருக்கு, அதுக்கும் வேலை குடுங்க" என்றார். அவ்வளவுதான். நான் ஆறு மாதமாகச் சுமந்தது அரை மணி நேரத்தில் ஒரு மருந்துச் சீட்டாகிவிட்டது.

எழுதாத வரைக்கும் அது எண்ணே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருடைய எண்ணையும் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு புத்தி. உனக்குப் பொய் அளவு அனுப்பினேன். மன்னித்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பா விஷயத்தில் உன்மேல் பழி போட்டுக்கொள்ளாதே. அன்றைக்கு டாக்டர்களே எடை மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்துமூன்று வயதுப் பெண் என்ன செய்திருப்பாய்?

உன் தம்பி
(குச்சி என்ற பெயர் பரிசீலனையில் இருக்கிறது)


ஜூன் 29

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் வந்த பிறகு நான் இன்னும் கொஞ்சம் நலம்.

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு மெஷினை நிறுத்தினேன். பிறகு மாமாவைக் கூப்பிட்டு அப்பாவின் பேன்ட் கதையைச் சொன்னேன். அவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. முதல் தடவை! "டீ போடட்டுமா?" என்றார். போட்டார். நன்றாகவே இல்லை. குடித்தேன்.

இப்போது சட்டை விஷயம். பொய் சொன்னது நீ மட்டும் இல்லை. ‘ஒரு நூல்கூடக் கூட்டவில்லை’ என்று எழுதினேனே, அது வெளியே பார்க்கிற அளவுக்குத்தான். பக்கத் தையலைப் பிரித்துப் பார். இரண்டு பக்கமும் உள்ளே மூன்று மூன்று அங்குலத் துணி மடித்து வைத்திருக்கிறேன். எவ்வளவு தேவையோ அவ்வளவு பிரித்துக்கொள். உன் பெண்டாட்டிக்கு நேராகத் தைக்க வரும். போன பட்டனையும் அவளையே தைக்கச் சொல்.

(பட்டன் போனது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. டெய்லருக்குத் தெரியும்.)

மாத்திரையை விடாதே. எண்களை எழுது.

அன்புடன்,
அக்கா


நவம்பர் 8

என் அன்பு அக்காவுக்கு,

உன் வீட்டிலும் கடையிலும் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன். நாலு மாதமாக நான் எழுதவில்லை. நல்ல எண் வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அதுவும் ஒருவகைப் பொய்தான் என்று உன் தம்பி பெண்டாட்டி சொல்லிவிட்டாள். அதனால் கெட்டதிலிருந்து தொடங்குகிறேன். ஆகஸ்டில் இரண்டு வாரம் நடக்காமல் விட்டேன். ஒரு கல்யாணம், அப்புறம் ஒரு ஜுரம். சர்க்கரை மறுபடி நூற்றி நாற்பதைத் தொட்டது. இறங்கும் என்று நினைத்த வயிறும் இறங்கவில்லை. மனம் விட்டுப்போனது. அவள்தான் காலையில் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, தானும் ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு நின்றாள். "நான் போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்றாள். போனோம். அன்றிலிருந்து நிறுத்தவில்லை.

போன வாரம் டாக்டரம்மா அளந்தார். வயிறு முப்பத்தைந்தரை. மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி நாலு. எடை இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால், ‘இவ்வளவுதானா’ என்று தோன்றியிருக்கும். மாத்திரை தொடரும். உயரத்தில் பாதியை எட்ட இன்னும் இரண்டு அங்குலம் பாக்கி.

நேற்று ஒரு மரக்கிடங்குக்குப் போயிருந்தோம். கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், நெட்டையாய், கன்னம் ஒட்டி, பெரிய தொளதொளச் சட்டையில் வேனைத் தாண்டிப் போனார். கூப்பிட்டேன். "எனக்கெதுக்குங்க? எலும்பும் தோலுமா இருக்கேன். போய் அந்தக் குண்டனுங்களை அளங்க" என்று நடந்துகொண்டே சொன்னார். முன்பென்றால் விட்டிருப்பேன். கூடவே போய் அவர் முன்னால் நின்றேன். என் சட்டையைத் தூக்கி, என் வயிற்றில் நானே டேப்பைச் சுற்றிக் காட்டினேன். "நானும் இதையேதாங்க சொல்லிட்டிருந்தேன். இது ஜூன்ல முப்பத்தெட்டு" என்றேன். எல்லோரும் பார்த்தார்கள். அவர் குனிந்து டேப்பில் இருந்த எண்ணைப் படித்தார். பிறகு கிரேன் சாவியைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார்.

அவர் எண் என்ன என்று உனக்கும் சொல்ல மாட்டேன், அது அவருடையது. ஆனால் இன்று ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, "வீட்ல என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். "உள்ளதைச் சொல்லுங்க. அவங்களுக்கு ஏற்கனவே பாதி தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

இனி முக்கியமான செய்தி. எங்கள் இருவருக்கும் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. இருபத்திரண்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறோம். பஸ் நிலையத்திலிருந்து உன் வீடு மூன்று கிலோமீட்டர், நடுவில் ஒரு மேடு வேறு என்று அவளிடம் சொன்னேன். "மேடு எந்தப் பக்கம், போகும்போதா வரும்போதா?" என்று கேட்டுவிட்டு, பையை மறுபடி பிரித்துப் பாதிச் சாமானை வெளியே எடுத்து வைத்துவிட்டாள்.

மாமாவை வண்டியோடு அனுப்பாதே. நடந்தே வருகிறோம்.

உன் தம்பி